முதல் பத்தில் இல்லாதது

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை போர்வை மடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பெரிய கட்டிலின் போர்வை. ஒற்றை ஆளாக மடித்தால் தரையில் புரளும். என் கையில் இரண்டு முனை, அவள் கையில் இரண்டு முனை. இழுத்துப் பிடித்து உதறி, நடுவில் வந்து சேர்ந்து, என் முனைகளை அவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிக்க வேண்டும். எனக்கு உயரம் வந்த நாளிலிருந்து இதுதான் முறை.

அன்று அவள் உதறவில்லை. முனைகளைப் பிடித்தபடியே நின்றாள்.

“எட்டு டிப்போவையும் தனித்தனியா கேட்டா இருக்குங்குது. எட்டையும் சேர்த்துக் கேட்டா இல்லைங்குது. எட்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டு என்னை ஏமாத்துறாங்களாடா?”

“முதல்ல உதறும்மா. கை வலிக்குது.”

“இந்த வயசுல கை வலியா? அப்போ எனக்கு என்ன வரணும்?”

உதறினாள். ஆனால் மனம் போர்வையில் இல்லை. இருக்கிறது, இல்லை என்று அவள் சொன்னது காது மெஷினை. காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்னக் கருவி. அவள் எழுதிய தேடல் மென்பொருள் அதைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். எங்கே பொய் என்றுதான் தெரியவில்லை.

அம்மா நகரப் பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தாள். பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருள்களைத் தேடித் தரும் மென்பொருள் அவள் பொறுப்பு. பஸ் டிப்போவுக்குத் திரும்பியதும் கண்டக்டர் இருக்கைகளைப் பார்த்து, கிடைத்ததை அலமாரிக்காரரிடம் கொடுப்பார். அவர் கணினியில் ஒரு வரி தட்டுவார். எட்டு டிப்போ, எட்டு கணினி. ஒவ்வொன்றும் தன் அலமாரியில் இருப்பதை மட்டும் அறியும். தலைமை அலுவலகத்தில் ஒன்பதாவதாக ஒன்று. அதற்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. யாராவது வந்து “என் குடை” என்றால், எட்டுப் பேரையும் கேட்டு, பதில்களைச் சேர்த்துச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஒன்பதாவதை அம்மா ‘நடுவாள்’ என்பாள்.

புள்ளியியல் படித்துவிட்டு அந்த நிறுவனத்தில் சேர்ந்தவள். புதிதாகச் சேரும் எல்லோரும் முதலில் கவுண்டரில் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர் வந்தார். திருத்திய தாள் கட்டு ஒன்றை பஸ்ஸில் விட்டுவிட்டாராம். அம்மா எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, “மூணாம் பக்கத்துல ஒரு பிழையை விட்டிருக்கீங்க” என்றாள். அது பிழையே இல்லை என்று அவர் இன்றுவரை சொல்கிறார். அவர்தான் அப்பா.

ஆரம்பத்தில் எல்லாம் ஒரே கணினி. அதற்கென்று ஒரு குளிர் அறை. அந்த அறையில் உட்காரக் கம்பளிச் சட்டை வேண்டும். கொளுத்தும் வெயிலில் கம்பளிச் சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவள் தெருவில் வருவதைப் பார்த்து எதிர்வீட்டு அத்தை தினமும் கேட்பார்: “எந்த மலையிலேருந்து இறங்கி வர்றீங்க?” அம்மாவும் தினமும் ஒரு மலை சொல்வாள். சில நாள் இல்லாத மலையாகவும் இருக்கும். வீட்டுக்குள் வந்து அதை நாற்காலி முதுகில் மாட்டுவாள். சட்டையில் ஏசி அறையின் வாடை, லேசாகத் தூசி, லேசாகச் சூடான ஒயர். இப்போதும் ஏதாவது சர்வர் அறைக் கதவைத் திறந்தால் எனக்கு முதலில் எங்கள் வீட்டு நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

அவளுடைய புகழ் ஒரு தப்பினால் வந்தது.

நகரத்தில் அதிகம் தொலையும் பொருள்கள் எவை என்று மேனேஜர் ஒரு பட்டியல் கேட்டார். எதையும் “சுருக்கமா சொல்லுங்க” என்று தொடங்குகிறவர். அதனால் அவருக்குச் ‘சுருக்கம்’ என்று பெயர். அம்மா தேடலிடம் எண்ணச் சொன்னாள், வந்ததை அச்சடித்து மேலே அனுப்பினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டார்.

“மேடம், முதல் இடத்துல ‘ஒரு’ன்னு போட்டிருக்கு.”

“ஒரு என்ன சார்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். ஒரு. அவ்வளவுதான். ரெண்டாவது ‘கறுப்பு’. மூணாவது ‘பழைய’. குடை நாலாவதா வருது.”

அலமாரிக்காரர்கள் ‘ஒரு கறுப்புக் குடை’, ‘ஒரு பழைய பை’ என்று எழுதியிருந்தார்கள். மென்பொருள் அந்த வரியைச் சொல் சொல்லாகப் பிய்த்து எண்ணியிருந்தது. தேடுவதற்குப் பிய்ப்பது சரி. எண்ணுவதற்குப் பிய்க்கக் கூடாது. முழுப் பெயரையும் பிய்க்காமல் வைத்த இன்னொரு பிரதி இருந்தது, அதில் எண்ணியிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு முறை செய்கிற தப்பு. பெரும்பாலோர் அச்சடித்து மேலே அனுப்புவதில்லை.

“எல்லாரும் இந்த ‘ஒரு’வைத் தொலைக்கிறாங்களே” என்றாராம் சுருக்கம். “எங்க விக்குதுன்னு சொல்லுங்க, நானும் வாங்கிப் பத்திரமா வெச்சுக்கறேன்.”

அன்றிலிருந்து எட்டு டிப்போவிலும் அவள் ‘ஒரு மேடம்’. புதிதாக வந்தவர்கள் அது ஏதோ பதவி என்றே நினைத்தார்கள். வீட்டுக்குப் போன் வரும்.

“ஒரு மேடம் இருக்காங்களா?”

“இருக்கிறதே ஒரு மேடம்தான்” என்பார் அப்பா.

அம்மாவுக்கு இதில் வருத்தமே கிடையாது. அவளே சில சமயம் போனில் “ஒரு மேடம் பேசறேன்” என்று தொடங்குவாள். தப்பைத் திருத்தினாள், பெயரை வைத்துக்கொண்டாள்.

மென்பொருள் தடுமாறும்போது திரையில் வரும் வாக்கியங்களையும் அவள்தான் எழுதினாள். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தால் கவுண்டரில் இருப்பவர்கள் பயந்து கணினியையே அணைத்துவிடுகிறார்கள் என்று, எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு டிப்போவின் இணைப்பு அறுந்தால், “நான்காம் டிப்போ பேசவில்லை. மற்ற ஏழு பேர் சொன்னது இது” என்று வரும். கேள்வி பெரிதாகி நடுவாளின் நினைவகம் நிரம்பும் நிலை வந்தால், “இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டால் எப்படி? கொஞ்சம் கொஞ்சமாகக் கேளுங்கள்.” அப்பா இவற்றுக்கு ஒற்று போட்டுக் கொடுத்தார். ‘பேசவில்லை’ என்பது மரியாதைக் குறைவு, ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுது என்றார். “அது என்ன கவர்னரா? டிப்போதானே. பேசலைன்னா பேசலைதான்” என்றாள் அம்மா.

தொலைந்த பொருள்களோடு அவ்வளவு வருடம் இருந்தவள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் “சீட்டைப் பாரு” என்பாள். நாங்கள் திரும்பிப் பார்ப்போம், ஒன்றும் இருக்காது, இறங்குவோம். அவள் குடை மட்டும் பஸ்ஸில் இருக்கும். தன் மென்பொருளில் தன் குடையைத் தேட வெட்கப்படுவாள். கவுண்டரில் இருந்தவருக்குக் ‘குடைக்காரர்’ என்று பெயர்; அத்தனை குடைகளைத் திருப்பிக் கொடுத்தவர். அவருக்கு அம்மாவின் குடை தெரியும். கைப்பிடியில் அம்மா வைத்த பல் தடம் இருக்கும். யோசிக்கும்போது கடிப்பாள். எந்த டிப்போவிலிருந்து வந்தாலும் பதிவு செய்யாமல் அவள் மேஜைமேல் கொண்டுவந்து வைத்துவிடுவார். “பேர் எழுதினா கணக்குல வந்துடும் மேடம். உங்களாலயே குடை முதல் இடத்துக்கு வந்துடுச்சுன்னு ஆயிடும்.”

தையல்காரர் முதலில் வந்தது குடைக்காரரிடம்தான். வயதானவர், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பாதிக் கடை, ஒரு மெஷின். வலது காதுக் கருவியைப் பஸ்ஸில் விட்டுவிட்டார். கழற்றித் துடைத்து மடியில் வைத்திருந்தாராம், எழுந்தபோது விழுந்திருக்கும். இடது காது ஏற்கெனவே பயனில்லை. புதிது வாங்குவது அவரால் ஆகாத காரியம். அளவு சொல்பவர்கள் சொல்வது கேட்காமல் போனால் தைப்பதும் ஆகாது. கையை ஒட்டித் தை என்றால் காலர் தைத்து வைத்தார் என்று வந்தவர்கள் போய்விட்டார்கள்.

குடைக்காரர் தேடினார். ஒன்றும் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கவுண்டருக்கு இறங்கி வந்தாள்.

“எந்த பஸ்?” என்று கத்தினாள்.

“காலையிலேயே சாப்பிட்டாச்சும்மா” என்றார் தையல்காரர்.

அம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துச் சிரித்தார். அப்புறம் பஸ் எண் சொன்னார். அது நான்கு டிப்போக்களுக்கு மாறி மாறிப் போகிற பஸ்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். வரும்போதெல்லாம் அம்மா எட்டு டிப்போக்களையும் ஒவ்வொன்றாகத் தேடுவாள். இரண்டு முறை ஏதோ இருப்பதாக வந்து, அவரே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். ஒன்று வேறொருவருடையது. இன்னொன்று பாட்டுக் கேட்பது. வீட்டில் அதைச் சொல்லும்போது அம்மா, “அவ்வளவு தூரம் போய் மாட்டிப் பாத்திருக்கார். எவனோ விட்ட பாட்டு மெஷின். என்னாலதான் அலைஞ்சார்” என்றாள். சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் புது விதி வந்தது. கிடங்கில் இடம் இல்லை. ஒரு வருடம் வைத்திருந்த பொருள்களை இனி ஒரு மாதம்தான் வைப்பது. அதிகம் தொலைகிற முதல் பத்து வகைகளுக்கு மட்டும் பழையபடி ஒரு வருட அலமாரி. மற்றவை மாதம் முடிந்தால் அழிக்கப்படும். நியாயமான விதிதான். கிடங்கைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து வகை எவை என்பதை அம்மாவின் தேடல்தான் சொல்ல வேண்டும். சொன்னது. அதில் காது மெஷின் இல்லை.

அம்மா மேனேஜரிடம் போனாள். பிறகு எங்களுக்கு அதை நடித்தே காட்டினாள், இரண்டு குரலிலும்.

“சுருக்கமா சொல்லுங்க மேடம். முதல் பத்துல இருக்கா, இல்லையா?”

“லிஸ்டுல இல்ல சார். ஆனா லிஸ்டு தப்பு.”

“லிஸ்டு உங்களுதுதானே?”

“அதனாலதான் சார் சொல்றேன்.”

மேனேஜர் மோசமானவர் இல்லை. “காகிதத்துல இருக்கிறதைத்தான் நான் மேல கொண்டு போக முடியும். திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெயிட் பண்றேன். சரியான காகிதம் கொண்டு வாங்க, அதுல கையெழுத்துப் போடுறேன்” என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது. அலமாரி காலி செய்யும் லாரிக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஆக, வாரக்கடைசிக்குள் அவள் தன் தேடல் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு டிப்போவில் கிடக்கும் அந்த வலது காது லாரியில் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வீட்டுக்கு வந்தேன். எனக்கும் இதே தொழில்தான். மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றுக்குத் தேடல் எழுதுகிறேன். பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா தொடங்கிவிட்டாள். அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் வேலைக்கு எடுத்திருக்கிறாள் என்று புரிந்தது.

முதல் சந்தேகம் பெயர். முழுப் பெயரைப் பிய்க்காமல் எண்ணினால் ‘ஒரு’ போய்விடும். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் ஒவ்வொன்றும் தனி வகையாகிவிடும். குடையை எல்லோரும் குடை என்றுதான் எழுதுவார்கள். காது மெஷினை?

அம்மா எட்டு டிப்போக்களிலிருந்தும் காது, செவி என்று வருகிற எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். உரக்கப் படித்தாள். அப்பா ஒவ்வொன்றுக்கும் துடித்தார்.

“காது மெஷின். காது மிஷின். காது மிசின்.”

“மூணும் தப்பு.”

“செவிக் கருவி.”

“இவன் படிச்சவன்.”

“காது கேட்கும் கருவி.”

“இதைப் பாருடா” என்று அப்பா என்னிடம் திரும்பினார். “காது கேட்கும் கருவியாம். காது போய் ‘எனக்கு ஒரு கருவி குடு’ன்னு கேட்டுதா?”

“காது கேட்காத மெஷின்.”

“இது ரிப்பேர் ஆன மெஷின்.”

“ஏங்க, நீங்க திருத்தாதீங்க. நான் திருத்த வரல. சேர்க்க வந்திருக்கேன். தப்பா எழுதினாலும் அது காது மெஷின்தானே?”

“வாழ்நாள் பூரா தப்பை எடுத்து வெளிய போட்டவன்கிட்ட வந்து, தப்பையெல்லாம் பத்திரமா சேர்த்து வைன்னு சொல்றியே.”

ஆனால் சேர்த்தார். அவருக்குத்தான் தெரிந்தது எழுத்தில் கை எங்கெங்கே தவறும் என்று. அவர் சொன்ன தப்புகளில் பாதி நிஜமாகவே டிப்போக்களில் இருந்தன. ‘காது மெசினு’ என்று அவர் ஊகித்ததை மூன்றாம் டிப்போவில் கண்டுபிடித்தபோது அம்மா கைதட்டினாள். அப்பா வெட்கப்பட்டுத் தேநீர் போடப் போனார். அன்று எங்கள் வீட்டுச் சமையலறை, ஜன்னல் திண்டில் உலரும் டம்ளர்கள், மூவரும் ஒரே திரையை எட்டிப் பார்த்துத் தலை முட்டிக்கொண்டது, எல்லாம் ஏதோ பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் போல இருந்தது. பரீட்சை அவளுக்கு. சிரிப்பெல்லாம் எங்களுக்கு.

எல்லாப் பெயர்களும் ஒரே வகைக்குள் வரும்படி அவள் மாற்றினாள். இப்போது டிப்போ டிப்போவாகக் கேட்டால் எல்லாமே இருக்கிறது என்றன. நடுவாளிடம் முதல் பத்தைக் கேட்டால், அதில் இன்னமும் இல்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் திரைமுன்னாலிருந்து எழவில்லை. ஞாயிறன்று போர்வை.

உதறி முடித்து நடுவில் வந்தபோது நான் கேட்டேன். “பட்டியலுக்குக் கீழ ‘இதர’ன்னு ஒரு எண் வருமே. அது எவ்வளவு?”

“பெருசுதான்.”

“எவ்வளவு பெருசு?”

“மேல இருக்கிற பத்தையும் கூட்டினதைவிட…” என்றவள் நிறுத்தினாள். என் முனைகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். அவள் பிடித்திருந்த முனை ஒன்று நழுவியது.

“பத்து கேட்டா அவனவன் பத்துதான் அனுப்புறான்” என்றாள் மெதுவாக. “பதினொண்ணாவது எந்த டிப்போவிலிருந்தும் கிளம்பவே இல்லைடா.”

அதுதான். நடுவாள் எட்டுப் பேரிடமும் “உன்னிடம் அதிகமுள்ள பத்தைச் சொல்” என்கிறது. எட்டுப் பேரும் தங்கள் பத்தைச் சொல்கிறார்கள். கல்லூரிப் பக்கத்து டிப்போவில் கால்குலேட்டர் ஒரு குவியல். ஆஸ்பத்திரிப் பக்கம் எக்ஸ்ரே உறை. தொழிற்சாலைப் பக்கம் ஹெல்மெட். அவை அந்தந்த ஊர்ப்பக்கத்துப் பெரிய மனிதர்கள். பக்கத்து டிப்போவில் அவற்றைச் சீந்துவார் இல்லை. காது மெஷின் எங்கும் பெரிய மனிதர் இல்லை. எல்லா டிப்போவிலும் கொஞ்சம். எங்கும் பதினொன்று, பன்னிரண்டாம் இடம். நடுவாளின் காதுக்கு அது போகவே இல்லை. எட்டையும் கூட்டினால்தான் தெரியும் அது எவ்வளவு என்று. கூட்டுவதற்கு முன்பே வெட்டியாகிவிட்டது.

“இது எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “எழுதும்போதே தெரியும். அப்போ ரெண்டே டிப்போ. பத்து வாங்கினா போதும்னு விட்டேன். எட்டாகும்னு யார் கண்டா?”

“சரி, போர்வையைப் பிடி.”

“நீயே மடிச்சுக்கோ” என்று போய்விட்டாள். நான் ஒற்றை ஆளாக மடித்தேன். தரையில் புரண்டது.

நான் அன்று சாயங்கால ரயிலில் கிளம்பினேன். திங்கட்கிழமை மதியம் போன் செய்தாள். எட்டுப் பேரிடமும் இருப்பதையெல்லாம் மொத்தமாகக் கேட்டிருக்கிறாள். நடுவாள் தாங்கவில்லை.

“என்ன சொல்லுச்சு தெரியுமா? இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டால் எப்படின்னு. நான் எழுதினதை எனக்கே சொல்லுது. வாய்க்கொழுப்பு.”

“யாருக்கு?”

“யாரைச் சொல்ல.” சிரித்தாள். “சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமா கேட்டேன். அகர வரிசையில. அ-வுல ஆரம்பிச்சு ஒரு பக்கம், விட்ட இடத்துலேருந்து அடுத்த பக்கம். எதையும் வெட்டாம.”

“எத்தனையாவது வந்தது?”

“ஒன்பது.”

போனில் அவளுடைய அலுவலகத்து மின்விசிறி சத்தம் கேட்டது.

“பத்துக்குள்ளடா” என்றாள். ஒன்பதைச் சொல்லிவிட்டுப் பத்து என்று மறுபடி சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் சொன்னாள்.

மேனேஜர் சாயங்காலம் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது வரியைப் பார்த்துவிட்டு, “இது ‘ஒரு’ மாதிரி ஒண்ணும் இல்லையே?” என்று மட்டும் கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தாள். நிமிரவில்லை. அப்பா பக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லார் வீட்டிலும் நடப்பவைதான். பத்திரிகைக்குக் கொடுத்த அறிவிப்பு திருத்தத்துக்கு வந்தது. ஓரிடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. அப்பா போட்டார். மேனேஜர் வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “என்ன சொல்றதுன்னு தெரியல” என்றார். எதிர்வீட்டு அத்தை நாற்காலி முதுகில் இருந்த கம்பளிச் சட்டையை எடுத்து மடித்து வைக்கப் போனார். அப்பா “இருக்கட்டும்” என்றார். எட்டு டிப்போக்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் யாரோ வழி கேட்பது கேட்டது: “ஒரு மேடம் வீடு இதுதானே?” அப்பா உள்ளிருந்தே, “இதுதான்” என்றார்.

நேற்று நான் தலைமை அலுவலகத்துக்குப் போனேன், அவள் மேஜையில் இருந்ததை எடுத்து வர. ஒரு டம்ளர், ஒரு சீப்பு, கண் மருந்து. குடைக்காரர் கவுண்டரை விட்டு எழுந்து வந்தார். காது மெஷின்களுக்கு எட்டு டிப்போவிலும் அலமாரி ஒதுக்கியாயிற்று, எதுவும் லாரியில் ஏறவில்லை என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

“தம்பி, திங்கக்கிழமை மேடம் பக்கம் பக்கமா எடுத்தாங்க இல்ல, அப்போ ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு. ஆறாம் டிப்போவுல. காதுங்கிற வார்த்தையே இல்ல அதுல. ‘வெள்ளைப் பட்டாணி, ஒயர் உண்டு’ன்னு எழுதியிருக்கான். எந்தத் தேடல்லயும் வராது. மேடம் படிச்சுட்டுத் தனியா உக்காந்து சிரிச்சாங்க. தேதியும் பஸ்ஸும் தையல்காரருக்கு ஒத்துப் போகுது.”

“அவருக்குச் சொல்லியாச்சா?”

“அன்னிக்கே வந்தார். மேடம் எழுதிக் காட்டினாங்க. ‘நீங்க அலைய வேணாம், ரெண்டு தடவை அலைஞ்சது போதும். நாளைக்கு நானே ஆறாம் டிப்போ போய் உங்களுதான்னு பாத்து எடுத்துட்டு வரேன்’னு. அவரும் சரின்னு போயிட்டார். இப்ப முந்தாநாள் மறுபடி வந்தார். மேடம் எங்கன்னு கேட்டார். நான் சத்தமா, ‘மேடம் போயிட்டாங்க’ன்னேன். கவுண்டர்ல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவருக்கு ‘போயிட்டாங்க’ மட்டும் கேட்டிருக்கு.”

“என்ன சொன்னார்?”

“‘ஆறாம் டிப்போவுக்குத்தானே? மெதுவா வரட்டும், அவசரமில்லை’ன்னு சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்தார். தாளை எடுத்தேன். எழுத வரல தம்பி. கொஞ்ச நேரம் பாத்துட்டு, அடுத்த வாரம் வரேன்னு எழுந்து போயிட்டார்.”

நான் போய் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். ஊழியர் கையிலோ உரியவர் கையிலோதான் கொடுப்பார்கள் என்றார். குடைக்காரரே போகலாம் என்றால் கவுண்டரில் வேறு ஆள் இல்லை. அம்மா இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறாம் டிப்போ நகரத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது. தலைமை அலுவலகத்து வாசலிலிருந்து நேர் பஸ். காலையில் கூட்டம் இருக்காது. அம்மா செவ்வாய்க்கிழமை அங்கே போவதாக இருந்தது.